யார் யாரிடம் சாவி இருக்கிறது?

பெரியவர் புது வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கட்டில் மெத்தையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை. கதவை ஒட்டித் தரையில் ஒரு போர்வை, தலைமாட்டில் அவருடைய பை. பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, காலணியோடு தூங்குகிறார் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"கட்டில்ல படுக்கலாமே ஐயா?" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இந்த வீட்டுச் சாவி யார் யார்கிட்ட இருக்கு தம்பி?"

அவரிடம் ஒன்று. கட்டடத்தைப் பராமரிப்பவரிடம் ஒன்று. எங்கள் அலுவலக இரும்பு அலமாரியில் ஒன்று. மழுப்பாமல் சொல்லிவிட்டேன். விரல்விட்டு எண்ணிவிட்டு, "அப்ப இது மூணு பேர் வீடு" என்றார்.

வேலையில் எனக்கு அது இரண்டாவது வருடம். தெருவிலிருந்தும் காப்பகத்திலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் சிறையிலிருந்தும் வருகிறவர்களுக்கு வீடு கிடைத்த பிறகு, அந்த வீடு அவர்கள் கையை விட்டுப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. நியமனக் கடிதத்தில் அதற்கு நீளமான ஒரு பெயர் இருக்கிறது. பெரியவர் எனக்கு வைத்த பெயர் "கதவைத் தட்டுறவர்". அதுவே சரியாக இருந்தது.

வீடு கிடைத்தவர்களைப் பற்றி வரும் செய்திகள் எல்லாம் ஒரே படத்தோடு முடிந்துவிடும். யாரோ ஒருவர் சாவியை நீட்டுவார், இன்னொருவர் இரு கையாலும் வாங்கிக்கொள்வார், பின்னால் நான்கு பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் படத்தில் பின்வரிசையில் நானும் பலமுறை நின்றிருக்கிறேன். படம் எடுத்தவர் போன பிறகு, எல்லோரும் கை குலுக்கிவிட்டுக் கிளம்பிய பிறகு, சாவி வாங்கியவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாரே, அதற்கப்புறம் நடப்பதைத்தான் எழுத நினைக்கிறேன். அதை யாரும் படம் எடுப்பதில்லை.

பெரியவரின் கேள்வி எங்கிருந்து வந்தது என்று புரிய வேண்டுமானால் பழைய ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீடில்லாதவருக்கு உதவுவது என்றால் பல நாடுகளில் வெகுகாலம் படிக்கட்டு முறைதான். முதலில் இரவுக் காப்பகம். அங்கே ஒழுங்காக இருந்தால் தற்காலிக விடுதி. குடியை விட்டால், மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட்டால், கூட்டங்களுக்கு வந்தால் அடுத்த படி. எல்லாப் படியும் ஏறி "தயார்" என்று முத்திரை குத்திய பிறகு கடைசியில் வீடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நானும் வேலையில் சேரும்போது அதை நியாயம் என்றே நினைத்திருந்தேன். ஆனால் தூங்க இடமில்லாத ஆள் குடியை விட வேண்டும், பூட்டி வைக்கப் பெட்டி இல்லாத ஆள் மாத்திரையைத் தொலைக்காமல் இருக்க வேண்டும் என்று அந்த முறை எதிர்பார்த்தது. ஒரு படியில் சறுக்கினால் நேரே கீழே தெருவுக்கு. நீச்சல் கற்ற பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று சொல்வதைப் போல.

இதைத் தலைகீழாக்கிப் பார்த்தவர் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர். நியூயார்க் தெருக்களில் மனநோயோடு வாழ்ந்தவர்களுக்கு மருத்துவ உதவி சேர்க்கும் வேலையில் இருந்தவர். சேர்த்த ஆட்களே திரும்பத் திரும்பத் தெருவில் நிற்பதைக் கண்டவர். 1992இல் அவர் தொடங்கிய பாத்வேஸ் டு ஹவுசிங் அமைப்பு நேராக வீட்டைக் கொடுத்தது. நிபந்தனைகள் மிகக் குறைவு: வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகைக்குக் கொடுக்க வேண்டும், பணியாளர் வந்து பார்க்க ஒப்புக்கொள்ள வேண்டும். சிகிச்சை எடுப்பதும் எடுக்காததும் குடியிருப்பவர் இஷ்டம். 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்', அதாவது வீடு முதலில் என்ற பெயர் இதற்குத்தான் வந்தது. ஐந்து ஆண்டுக் கணக்கை எடுத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நேராக வீடு பெற்றவர்களில் 88 சதவீதத்தினர் வீட்டில் நிலைத்திருந்தார்கள். நகரத்தின் படிக்கட்டு ஏற்பாட்டில் போனவர்களில் 47 சதவீதம். அது கச்சிதமான ஒப்பீடு இல்லைதான். பிறகு 225 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சோதனையும் நடந்தது. அதிலும் நேராக வீடு பெற்றவர்கள் பக்கம்தான் முடிவு சாய்ந்தது.

"தயார்" ஆகாத ஆட்கள்தான் வீட்டைத் தக்கவைத்தார்கள் என்பதை முதல் முறை படித்தபோது நான் நம்பவில்லை. பெரியவரைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். நம்பியதும் வேறொரு சந்தேகம் வந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் பதினோரு வருடம் காப்பகங்களில் இருந்தவர். காலையில் குறித்த நேரத்துக்கு எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். மாலையில் வரிசை. வரிசையில் பின்தங்கினால் அன்று இடம் இல்லை. விளக்கை யாரோ அணைப்பார், யாரோ போடுவார். பெட்டியைச் சோதிப்பார்கள். "தூங்கும்போது டார்ச் அடிச்சு முகத்தைப் பார்த்து எண்ணுவாங்க" என்றார். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூடக் கதவை உள்ளிருந்து தாழிட்டதில்லை. எலி வளை ஆனாலும் தனி வளை வேண்டும் என்பார்களே, எலிக்கு இருக்கும் அந்த வசதி பதினோரு வருடமாக இந்த மனிதருக்கு இல்லை.

எங்களிடம் ஒரு படிவம் உண்டு. "அடுத்த ஆறு மாதத்தில் அடைய விரும்பும் மூன்று இலக்குகள்." எல்லோரிடமும் நிரப்பி வாங்க வேண்டும். வேலை, உடல்நலம், குடும்ப உறவு என்று எதிர்பார்த்துக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். பெரியவர் ரொம்ப நேரம் யோசித்து முதல் கோட்டில் "கடிகாரம்" என்று எழுதினார். சுவர்க் கடிகாரம். மற்ற இரண்டு கோடுகளையும் காலியாக விட்டுவிட்டார். மணியைத் தானே பார்த்து, எப்போது எழுவது என்று தானே முடிவு செய்ய வேண்டுமாம். மேலாளர் ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று நான் அதை "நேர மேலாண்மைத் திறன்" என்ற தலைப்பின் கீழ் போட்டேன். படிவம் உடனே ஒப்புதலாகி வந்தது. இந்த வேலையில் மொழிபெயர்ப்பும் சேர்ந்ததுதான்.

இந்த இடத்தில் பின்லாந்தைச் சொல்லாமல் போக முடியாது. 2007இல் அந்த நாட்டு அரசு, நீண்டகாலம் வீடில்லாமல் இருப்பவர்களைப் பற்றி யோசிக்க ஒரு சிறு குழுவை அமைத்தது. ஒரு ஆயர், ஒரு மருத்துவர், தலைநகரின் சமூக சேவைத் துறைத் தலைவர், ஒரு வீட்டு அறக்கட்டளையின் தலைவர் என்று நான்கே பேர். அவர்கள் கொடுத்த அறிக்கைக்கு 'கதவில் பெயர்' என்று தலைப்பு. அதைக் கேட்டதும் எனக்குப் பெரியவரின் கதவு ஞாபகம் வந்தது. அறிக்கையில் நிறைய விஷயம் உண்டு, ஆனால் அந்தத் தலைப்பிலேயே பாதி வந்துவிட்டது. வாடகை ஒப்பந்தம் குடியிருப்பவர் பெயரில் இருக்க வேண்டும். அவர் பெயரில் இருந்தால் அவர் குடித்தனக்காரர், சட்டம் அவர் பக்கம் நிற்கும். அமைப்பின் பெயரில் இருந்தால் அவர் விருந்தாளி. விருந்தாளியை எப்போது வேண்டுமானாலும் கிளம்பச் சொல்லலாம்.

2008இல் திட்டம் தொடங்கியது. காப்பகங்களை மூடித் தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றினார்கள். ஹெல்சிங்கியில் 1985இல் காப்பகங்களிலும் விடுதிகளிலும் 2,121 படுக்கைகள் இருந்தன, 2016இல் 52. பின்லாந்தைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தத்துவத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. தத்துவத்தை வைத்து ஒருவரைக் குடிவைக்க முடியாது. அதற்குக் காலியாக ஒரு வீடு வேண்டும். அங்கே ஒய் அறக்கட்டளை என்ற அமைப்பு 1985இலிருந்தே ஊரெல்லாம் சிதறிக் கிடந்த சாதாரண அடுக்குமாடி வீடுகளை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதற்கு வந்த மானியத்தில் ஒரு பகுதி சூதாட்ட இயந்திரங்களின் வருமானத்திலிருந்து வந்தது என்பது இதில் ஒரு வேடிக்கை. யாரோ இழந்த காசில் யாருக்கோ கதவு. வாடகைக்கு அரசின் உதவித்தொகை வேறு இருந்தது. 2024இல் அந்த உதவித்தொகையை வெட்டினார்கள். பல ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வந்த வீடில்லாதவர் எண்ணிக்கை அந்த ஆண்டு மேலே ஏறியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீடு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் கனடாவில் நடந்ததைப் படிக்க வேண்டும். 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநோயோடு வீடில்லாமலும் இருந்த 2,000க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். கடைசி ஆறு மாதத்தில் முழுநேரமும் வீட்டில் இருந்தவர்கள் வீடு முதலில் பெற்ற குழுவில் 62 சதவீதம், வழக்கமான சேவைகளை மட்டும் பெற்ற குழுவில் 31 சதவீதம். இரண்டு மடங்கு. ஆனால் நோயின் அறிகுறிகளும் போதைப் பழக்கமும்? இரண்டு குழுவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் குறைந்தன. வீடு, வீடில்லாமையைத் தீர்த்தது. மற்றதற்கு வேறு வேலை இருக்கிறது. வீடு முதலில் பெற்ற குழுவிலும் 16 சதவீதத்தினர் அந்தக் கடைசி ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட வீட்டில் இல்லை. அந்த 16இல் சிலரின் முகம் எனக்குத் தெரியும், வேறு ஊராக இருந்தாலும்.

சரி, முதல் சில மாதங்களுக்கு வருகிறேன்.

முதலில் சத்தம் இல்லாதது. எண்பது பேர் இருமிக்கொண்டிருந்த கூடத்திலிருந்து வந்தவருக்குத் தனி அறையின் அமைதி ஒரு நோய் மாதிரி. இரவெல்லாம் குழாயை லேசாகத் திறந்து வைத்துத் தூங்கியவர் ஒருவரைத் தெரியும். தண்ணீர்க் கட்டணம் எகிறியபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. பழைய வானொலி ஒன்றைத் தேடிக் கொடுத்தோம், குழாய் நின்றது.

அடுத்தது விருந்தாளிகள். வீட்டை இழப்பதற்குப் போதைதான் காரணமாக இருக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரையில் நட்புதான் பெரிய காரணம். தெருவில் பனியிலும் மழையிலும் ஒரே போர்வையைப் பகிர்ந்தவன் கதவைத் தட்டினால், "உள்ளே வராதே" என்று எந்த வாயால் சொல்வது? ஒருவர் வருவார், பிறகு மூவர், பக்கத்து வீட்டில் புகார், பிறகு எச்சரிக்கைக் கடிதம். அவர்களிடம் நான் ஒரு வழி சொல்வேன்: "என் மேல பழியைப் போடுங்க. அந்த ஆள் திடீர்னு வந்து நிப்பான், வந்தா என் வீடு போயிடும்னு சொல்லுங்க." எத்தனையோ கதவுகளில் நான் கொடுங்கோலனாக இருக்கிறேன். பரவாயில்லை.

இந்த மாதங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நியூயார்க்கில் ஃபோர்ட் வாஷிங்டன் ஆர்மரி என்று ஒரு பெரிய ஆண்கள் காப்பகம். மனநோயோடு அங்கிருந்து வெளியேறி வீட்டுக்குப் போன 96 பேரை எஸ்ரா சஸ்ஸர் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சேவை. மற்ற பாதிக்கு, இடம் மாறிய முதல் ஒன்பது மாதம் மட்டும், ஏற்கெனவே பழகிய ஒரு பணியாளர் கூடவே இருப்பார். ஆரம்பத்தில் நெருக்கமாக, பிறகு கொஞ்சம் தள்ளி, கடைசியில் பொறுப்பை அக்கம்பக்கத்து மனிதர்களிடமும் சேவைகளிடமும் ஒப்படைத்துவிட்டு விலகல். பதினெட்டு மாதம் கழித்து எண்ணினார்கள். வீடில்லாமல் கழித்த இரவுகள் சராசரியாக ஒரு பக்கம் 91, ஒன்பது மாதத் துணை இருந்த பக்கம் 30. 1997இல் வெளியான இந்த ஆய்வை எங்கள் மேலாளர் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். ஒட்டி வைத்துக்கொண்டே எங்களில் ஒவ்வொருவருக்கும் நாற்பது வீடுகளைக் கொடுத்தார்.

நாற்பது வீடுகள் என்றால் என்ன நடக்கும் என்று எனக்குக் காட்டியவர் ஒரு அம்மா.

அடிக்கிற கணவரிடமிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்தவர். குறிப்பேட்டில் எங்கள் மொழியில் சொன்னால் "சிக்கல் இல்லாத" ஆள். வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போவார்கள். போனால் சிரித்துக்கொண்டே, "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்பார். நல்லாத்தான் இருக்கிறது என்று நான் வாரம் ஒரு முறை போனதை மாதம் ஒரு முறையாக்கினேன். அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வந்த அன்றுதான் சமையலறை இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே நாற்பது, ஐம்பது கடித உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

வாடகை உதவித்தொகையைப் புதுப்பிக்க ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். பதில் இல்லை என்று நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லை என்று நிறுத்தம். வாடகை பாக்கி, அதற்கொரு கடிதம், வட்டி, இன்னொரு கடிதம். எல்லாம் அந்த இழுப்பறையில்.

"ஏம்மா பிரிக்கல?" என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது, இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"அந்த வீட்ல என் பேருக்குக் கடிதம் வந்தாலே அடி விழும் சார்," என்றார். "யாரு போட்டது, யாரு போட்டதுன்னு கேட்டுக் கேட்டு. என் பேரைப் பார்த்தாலே கை நடுங்குது. பிரிக்கலன்னா வரலன்னு ஆயிடும்ல?"

எந்தப் படிவத்திலும் இதற்கு இடம் இல்லை. உதவித்தொகை அலுவலகத்தில் இருந்தவருக்கு விளக்க நான் பட்ட பாட்டைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். "கடிதம் வந்து சேர்ந்ததா இல்லையா?" என்பது ஒன்றே அவர்கள் கேள்வி. சேர்ந்தது. சட்டப்படி அவர்கள் சரி. அந்த வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. பிள்ளைகளோடு மறுபடியும் தற்காலிக விடுதிக்குப் போனார்கள், ஐந்து மாதம். சின்னவனுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. இரண்டாவது வீடு கிடைத்த பிறகு வியாழக்கிழமைதோறும் அவர் மேசையில் உட்கார்ந்து இருவருமாக உறைகளைப் பிரித்தோம். முதலில் நான் பிரித்து வாசித்தேன். பிறகு அவர் பிரிப்பார், நான் வாசிப்பேன். ஒரு வியாழக்கிழமை போனபோது மேசையில் ஒன்றும் இல்லை. "முந்தாநாளே பிரிச்சிட்டேன். விளம்பரம்தான், தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த அலட்சியம் இருக்கிறதே, அதற்காக இன்னும் நூறு உறை பிரிக்கலாம்.

அந்த அம்மா வீட்டை இழந்ததற்குக் கடிதங்கள் காரணம் என்று எங்கள் அறிக்கை சொல்கிறது. நான் வருவதைக் குறைத்ததும் காரணம் என்று நான் சொல்கிறேன். விலகத் தெரிவதுதான் இந்த வேலையின் பாதி. ஆனால் அவர் தயாராக இருந்ததால் நான் விலகவில்லை, என் பட்டியல் நீளம் என்பதால் விலகினேன். பெரியவரைப் பார்த்தபோது வந்த சந்தேகம் என்றேனே, அது இதுதான். யார் தயார் என்று பார்ப்பதை வீடு கொடுக்கும் இடத்தில் விட்டுவிட்டோம், நல்லது. ஆனால் வீட்டை விட்டு நாங்கள் எப்போது வெளியேறலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

பெரியவரின் சாவிக்கு வருகிறேன். பராமரிப்பாளரிடம் இருக்கும் சாவியை ஒன்றும் செய்ய முடியாது. தீப்பிடித்தால் வேண்டும் என்றார்கள், நியாயம்தான். எங்கள் அலமாரியில் இருப்பதை அவரிடமே கொடுத்துவிடலாம் என்று மேலாளரிடம் கேட்டேன். விதி இடம் கொடுக்காது என்றார். இழுத்துப் பறித்துக் கடைசியில் ஒரு வழி கிடைத்தது. சாவியை ஒரு உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்குத் தெரியாமல் யார் பிரித்தாலும் கையெழுத்து கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். பெரியவர் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்கு வருவார். "உறையைக் காட்டுங்க." எடுத்துக் காட்டுவேன். வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்ப்பார். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். வேறு பேச்சு கிடையாது. மூன்றாவது மாதம் கட்டில் மெத்தையின் பிளாஸ்டிக் உறை போயிருந்தது. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்பதாவது மாதத்தில் முதல் திங்கட்கிழமை வந்தது, பெரியவர் வரவில்லை. பத்து மணி, பதினொரு மணி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த வேலையில் ஆள் வராவிட்டால் மனம் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மதியம் கிளம்பிப் போய்க் கதவைத் தட்டினேன். சத்தம் இல்லை. மறுபடி தட்டினேன். அலமாரியில் இருக்கும் உறை ஒரு நொடி ஞாபகத்துக்கு வந்தது, உண்மையை ஒத்துக்கொள்கிறேன்.

"யாரு?" என்று உள்ளிருந்து குரல்.

"நான்தான் ஐயா. காலையில வரலையே?"

"ஓ, இன்னைக்குத் திங்களா?" கொஞ்சம் இடைவெளி. உள்ளே கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. "இப்ப முடியாது தம்பி, படுத்திருக்கேன். செவ்வாய்க்கிழமை வாங்க. சாயங்காலமா வாங்க."

தாழ்ப்பாள் அசையவில்லை. நானும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படி இறங்கினேன்.

அலுவலகத்துக்கு வந்து அன்றைய வருகைப் பதிவைத் திறந்தேன். அதில் மூன்று கட்டங்கள்தான்: சந்தித்தேன், வீட்டில் இல்லை, ஒத்துழைக்க மறுத்தார். மூன்றும் பொருந்தவில்லை. கட்டங்களை அப்படியே விட்டுவிட்டு ஓரத்தில் பேனாவால் எழுதினேன்: "வீட்டில் இருக்கிறார்."